தண்ணீரில் மிதந்து வந்த முத்து

மெழுகுச் சீவல் வெந்நீரில் விழுந்ததும் முதலில் கொஞ்சம் சுருங்கும். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு தானாகவே விரியத் தொடங்கும். சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விலகி, கண்ணாடித்தாள் மாதிரி தண்ணீரின் மேல் படுத்துவிடும். அதன் நடுவே யாரோ ஒருவருடைய சதை இருக்கும். நகக்கண் அளவுக்கு. ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தால் மங்கலாக ஒரு கறைபோலத் தெரியும்.

அன்று காலை வெளியே மூடுபனி. எதிர்க் கட்டடம் தெரியவில்லை. அதன் முன்னால் நிற்கும் வேப்பமரம் தெரியவில்லை. உள்ளே வெந்நீர்த் தொட்டியின் மேல் மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது. அறை எங்கே முடிகிறது, வெளி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். நான் அஞ்சலையின் சீவலைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அது விரிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தச் சில நொடிகளை எத்தனையோ முறை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டேன். தொட்டியின் ஓரத்தில் வேறொன்றும் மிதந்துகொண்டிருந்திருக்க வேண்டும். என் கண்ணில் படவில்லை.

போன இரண்டு வாரமும் நான் டெல்லிக்கு வந்து பாட்டில் கழுவிய கதையையே எழுதினேன். படித்த சிலர், உங்கள் வேலையில் நல்ல கதைகள் இருக்கும்போலிருக்கிறதே என்று சொன்னார்கள். இந்த வாரம் எழுதப்போவது நான் செய்த தவறு.

பாட்டில்கள்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நான் டெல்லியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில், வாய், தாடை நோய்களைச் சோதிக்கும் லேபில் அட்டெண்டர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தாடையில் கட்டி, நாக்கில் ஆறாத புண், கன்னத்தின் உள்ளே வெள்ளைப் படலம் என்று வருகிறவர்களிடமிருந்து டாக்டர்கள் ஒரு துளி சதையை எடுப்பார்கள். அது மருந்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் எங்களிடம் வரும். அதை மெழுகில் புதைத்து, கட்டியாக்கி, மெஷினில் சீவி, வெந்நீரில் விரித்து, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றி, லேப் டாக்டர் ஜானகி மேடத்தின் மேஜையில் வைக்க வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இது சாதாரண நீர்க்கட்டி, இது புற்றுநோய் என்று மேடம் எழுதுவார்.

சீவுவது என் வேலை இல்லை. டெக்னீஷியன் பூரண்ஜியின் வேலை. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது, பக்கத்தில் நின்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தானாக வந்திருந்தது. நான் சீவுவேன். அவர் கையெழுத்துப் போடுவார். லேபில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சதையை எடுத்த இடத்திலிருந்து லேப் வரை பாட்டிலைக் கொண்டுவருவது பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான். மகன் கொண்டுவருவான், மனைவி கொண்டுவருவாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ததும்பாமல் நடந்து வருவார்கள். கோயிலில் விளக்கேந்தி வருகிறவர்களைப்போல இருக்கும்.

மீரட் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கொண்டுவந்த பாட்டிலில் மருந்து வாடையே இல்லை. கேட்டால், அந்தத் தண்ணீர் கண்ணைக் கரித்தது, அதைக் கொட்டிவிட்டுக் கங்கை நீர் ஊற்றினேன் என்றார். மனைவியின் சதை நல்ல தண்ணீரில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். வீட்டிலிருந்து சின்னச் செம்பில் அதைக் கொண்டுவந்திருக்கிறார். சதை கெட்டுப்போயிருந்தது. மறுபடியும் எடுக்க வேண்டும் என்று பூரண்ஜி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பாட்டிலைக் கையில் வைத்திருந்தேன். அதைக் கழுவும் தொட்டியில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் கொண்டுபோய் ஊற்றினேன்.

சாயம் ஏறிய பிறகு எல்லாச் சதையும் இரண்டே நிறமாகிவிடும். ரோஜா நிறம், கத்திரிப்பூ நிறம். இந்துவோ சர்தாரோ, பீடி குடித்த வாயோ குட்கா மென்ற வாயோ, இந்த இரண்டு நிறம்தான். எனக்கு வரும் கனவுகளிலும் இவைதான். மாலையில் மெட்ரோ யமுனையைத் தாண்டும்போது வானம் சில நாள் அப்படி ஆகும். யாரோ பெரிய ஸ்லைடு ஒன்றைக் காய வைத்திருப்பதுபோலத் தோன்றும்.

மேடத்தின் தமிழ்

ஜானகி மேடம் மயூர் விஹாரில் இருக்கிறார். அவருடைய அப்பா மத்திய அரசு ஆபீசில் வேலை பார்த்தவர். மேடம் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டெல்லி. தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.

"ஏழுமலை, அந்த டப்பால நீலக் கலர் கதம் ஆயிடுத்து பாருங்கோ, ஜல்தி கொஞ்சம் கொண்டு வாங்கோ" என்பார்.

பதிலுக்கு நான், "சரிங்க மேடம்" என்பேன். பத்து வருடத்துக்கு மேலாக எங்கள் பேச்சு இவ்வளவுதான். எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. சொல்ல வேண்டியது தொண்டை வரை வரும். அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். சதையைச் சீவும் வேலை எனக்கு ஒத்துப்போனதற்கு அதுவும் காரணம். அது யாரிடமும் பேச வேண்டாத வேலை.

மேடத்தின் மைக்ரோஸ்கோப்பில் எதிரெதிராக இரண்டு பேர் பார்க்கலாம். வேலை குறைவான நாட்களில் என்னை எதிரில் உட்கார வைத்துக் காட்டுவார். "இதோ பாருங்கோ, இது அழகான நீர்க்கட்டி. கரையோரத்துல செடி நட்டாப்ல வரிசையா இருக்கு பாருங்கோ." நான் பார்ப்பேன். குளம்போலத்தான் இருக்கும். நடுவில் ஒன்றுமில்லாத வெளிச்சம். சுற்றிலும் கரை.

கேம்பிலிருந்து வந்தவள்

அஞ்சலையை எனக்கு, ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பிலிருந்தே தெரியும். டெல்லிக்கு வந்த புதிதில் சில வருடம் நானும் அங்கே இருந்தேன். சாக்கடையை ஒட்டிய சந்து. அவள் வீடு எதிரில். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம். அவள் அப்போது கல்யாணமாகி வந்த பெண். ஜங்புராவில் நாலு வீட்டில் சமையல். அவள் குரல் கேட்டுத்தான் சந்தே எழுந்திருக்கும். தண்ணீர் லாரி வந்தால் வரிசையில் நிற்கிற ஆண்கள் அவளுக்குப் பயந்து ஒழுங்காக நிற்பார்கள்.

பிறகு நான் திரிலோக்புரிக்குப் போய்விட்டேன். கேம்பை இடித்த பிறகு அவளுக்கு ஊரின் மறுகோடியில், நரேலாவில் வீடு கிடைத்தது. வேலை மட்டும் ஜங்புராவிலேயே. இரண்டு பஸ் மாறி வந்து போனாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் எங்கள் தாழ்வாரத்து பெஞ்சில், இடது தாடையைச் சால்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரேயில் தாடை எலும்புக்குள் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். அதற்குள் முளைக்காத கடைவாய்ப்பல் ஒன்று படுத்திருந்தது. நீர்க்கட்டியாக இருக்கலாம், வேறு மாதிரி வளர்ச்சியாகவும் இருக்கலாம் என்று சதை எடுத்திருந்தார்கள். அது என்ன என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம். நீர்க்கட்டி என்றால் அந்த நீர்ப்பையை மட்டும் எடுத்தால் போதும். வேறு என்றால் தாடையே போகலாம்.

"என்னாண்ணே, நீங்க இங்கதான் இருக்கீங்களா?" என்றாள். "ரிப்போர்ட்டு கேட்டு வந்தேன். அந்த பையா பைட்டோ பைட்டோன்னு குந்தச் சொல்றான். எவ்ளோ நேரம் பைட்டறது? வேரு உட்டுடும் போலிருக்குது."

நான் உள்ளே போய் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அவளுடைய மெழுகுக்கட்டி தயாராகத்தான் இருந்தது. ஆனால் வரிசையில் பின்னால். அவள் முறை வர இன்னும் இரண்டு நாள் ஆகும்.

"வியாழக்கிழமை வாம்மா."

"வியாழனா? இன்னிக்கி லீவு கேட்டதுக்கே அந்தம்மா மூஞ்ச தூக்கி வச்சிக்குது. நரேலாலேர்ந்து வரதுக்குள்ள பாதி உயிரு போவுது. மீதிய இங்க வந்து உடணும்."

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் பேசும்போது தாடை அவளுக்கு வலித்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் கண் லேசாகச் சுருங்கியது.

வரிசையை மாற்றினேன்

நான் அப்போது வேறொருவருடைய மெழுகுக்கட்டியைச் சீவிக்கொண்டிருந்தேன். ஒரு லாரி டிரைவரின் நாக்கு. நாக்கின் ஓரத்தில் பெரிய புண். முதல் ஸ்லைடு எடுத்தாயிற்று. அதில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு விழுந்திருந்தது. பிளேடில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தால் அப்படி விழும். பிளேடை நகர்த்திவிட்டு இரண்டாவது ஸ்லைடு எடுக்கலாம் என்று இருந்தேன்.

பிளேடை நகர்த்தினேன். ஆனால் லாரி டிரைவரின் கட்டியைக் கழற்றிவிட்டு, அஞ்சலையின் கட்டியை மாட்டினேன்.

நம்ம ஊர்ப் பெண். வெளியே வலியோடு உட்கார்ந்திருக்கிறாள். இப்போதே சீவிவிட்டால் மேடம் நாளைக்கே பார்த்துவிடுவார். சொன்ன நாளில் ரிப்போர்ட் தயாராக இருக்கும், அதற்கு மேல் அவள் இன்னொரு நாள் லீவு கேட்க வேண்டாம். நான் நினைத்தது இவ்வளவுதான். இத்தனை வருடத்தில் யாருக்காகவும் வரிசையை மாற்றியதில்லை. அவளுக்காக முதல் தடவையாக மாற்றினேன். புதிய கூர்மையில் அவளுடைய சீவல் ஒரு கோடுகூட இல்லாமல் வந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஒருவருடைய சீவல் முடிந்து அடுத்தவருடையதைத் தண்ணீரில் விடும் முன், காகிதத்தால் தண்ணீரின் மேற்பரப்பைத் துடைத்து எடுக்க வேண்டும். முன்னவருடைய துணுக்கு ஏதாவது மிதந்தால் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கட்டி முடிந்ததும் துடைப்பது என் கைக்குப் பழக்கம். அன்று ஒரு கட்டி முடியவில்லை. பாதியில் நின்றிருந்தது. அதனால் கை அந்தப் பழக்கத்துக்குப் போகவில்லை.

நான் துடைக்கவில்லை. பனியையும் ஆவியையும் பார்த்துக்கொண்டு, அவள் சீவல் விரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முத்து

மறுநாள் மேடம் அஞ்சலையின் ஸ்லைடை வெகுநேரம் பார்த்தார். மற்ற ஸ்லைடுகளுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. டீ ஆறிப்போனது. பிறகு பூரண்ஜியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். அவர் எழுந்ததும் என்னையும் கூப்பிட்டார்.

"ஏழுமலை, பாருங்கோ. இது நீர்க்கட்டியோட கரை. சரியா? இப்போ இங்க பாருங்கோ."

ஸ்லைடு மெதுவாக நகர்ந்தது. கரை நகர்ந்து போய், வெறும் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தின் ஓரத்தில், கரையிலிருந்து மயிரிழை தள்ளி, ஒரு சின்னத் தீவு. அதன் நடுவில் ரோஜா நிறத்தில் வெங்காயம்போல அடுக்கடுக்காக ஒரு சுருள்.

அந்தச் சுருளுக்கு டாக்டர்கள் முத்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு அழகான பெயரை அதற்கு யார் வைத்தார்களோ. அது இருந்தால் புற்றுநோய்.

அந்த முத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அஞ்சலையின் சதையில் கோடு இல்லை. கோடு விழுந்தது லாரி டிரைவரின் நாக்கில். அது அவருடைய முத்து. என் தொட்டியில் மிதந்து வந்து அவள் ஸ்லைடில் ஏறிக்கொண்டது.

மேடம் இந்தியில் பூரண்ஜியிடம் கேட்டார். "பூரண்ஜி, இது தண்ணியில மிதந்து வந்த துண்டா இருக்குமோ?"

பூரண்ஜி, "இல்ல மேடம். ஒவ்வொரு கட்டிக்கும் தண்ணிய துடைக்கிறோம். முப்பது வருஷமா இங்க அப்படித்தான்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ரிஜிஸ்டரில் அவர் கையெழுத்து இருக்கிறது. அவர் நம்பியதைச் சொன்னார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

நான் ஸ்லைடு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு வார்த்தை போதும். துடைக்கல மேடம். தொண்டை வரை வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

பாதித் தாடை

மேடம் அஞ்சலையின் மெழுகுக்கட்டியை இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னார். சீவினேன். இந்தத் தடவை இரண்டு முறை துடைத்தேன். புதிய ஸ்லைடுகளில் முத்து இல்லை. எனக்கு மூச்சு வந்தது. இனி நான் பேச வேண்டியதில்லை, அதுவே பேசிவிட்டது என்று நினைத்தேன்.

"இதுல இல்ல. ஆனா அதனால என்ன ஆச்சு?" என்று மேடம் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "சின்ன கூடு ஒண்ணு இருந்து, மொதல் சீவல்லயே முடிஞ்சு போயிருந்தா? நீர்க்கட்டியோட கரையில கேன்சர் வரது ரொம்ப அபூர்வம். ஆனா வரும். இல்லன்னு எழுதி, அது நிஜமா இருந்துட்டா?"

ரிப்போர்ட்டை எழுதாமல் வைத்துவிட்டு, சந்தேகத்தை மட்டும் சர்ஜனிடம் சொன்னார். திங்கட்கிழமை சர்ஜன்களோடு மீட்டிங். அதில் பேசி முடிவெடுப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை அஞ்சலையை சர்ஜன் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அவள் மாடியிலிருந்து இறங்கி நேராக எங்கள் தாழ்வாரத்துக்கு வந்தாள். சால்வை தோளில் கிடந்தது. தாடையை மூடவில்லை.

"பாதித் தாடைய எடுக்க வேண்டி வரலாமாம்ணே. அப்புறம் கால்ல இருந்து எலும்பு எடுத்து வச்சிக் கட்டுவாங்களாம். இன்னும் முடிவு பண்ணலயாம், ஆனா மனச திடமா வச்சுக்கணுமாம்."

நான் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க உள்ள இருக்கறவரு. ஒங்களுக்கு எதுனா தெரியுமா?"

தலையை ஆட்டினேன். தெரியும் என்று ஆட்டினேனா, தெரியாது என்று ஆட்டினேனா என்று எனக்கே இப்போது நினைவில்லை. அவள் தெரியாது என்று எடுத்துக்கொண்டாள்.

"தாடையில்லாம எப்படிண்ணே சண்ட போடறது? என் வூட்டுக்காரு பேஜாரு இல்லாம இருப்பாரு இனிமே."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்க முடியாமல் கிளம்பிப் போனேன். நான் பேசாமல் இருப்பது என் மனைவிக்குப் புதிதல்ல. அதனால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஜங்புரா ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியாது.

கேம்ப் இருந்த இடம் வெளிச்சமாக இருந்தது. அவ்வளவு வெளிச்சத்தை அங்கே நான் பார்த்ததில்லை. சந்துகள் இருந்தபோது வானம் ஒரு முழம்தான் தெரியும். இப்போது சாக்கடையின் கரை தெரிந்தது. கரையோரத்தில் செடிகள் வரிசையாக நின்றன. நடுவில் ஒன்றுமில்லை. மேடம் காட்டும் நீர்க்கட்டிக்குள் நான் நிற்பதுபோல இருந்தது. என் வீடு எது, அவள் வீடு எது என்று கால் தேடியது. சுவர் இல்லாமல் தூரம் கணக்கிட முடியவில்லை.

அங்கே நின்றுகொண்டு அந்த வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். துடைக்கல மேடம். யாரும் இல்லை. ஒரு நாய் திரும்பிப் பார்த்தது. மறுபடி சொன்னேன். ஏழெட்டு தடவை சொன்ன பிறகு குரல் கொஞ்சம் என்னுடையதாக வந்தது.

திரும்பும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. கண்ணை மூடினால் ரோஜா நிறத் தீவு ஒன்று மிதந்து மிதந்து வந்தது. அதன் குறுக்கே கோடு.

இரண்டு ஸ்லைடு

திங்கட்கிழமை மேடம் வருவதற்கு முன்பே போய்விட்டேன். அலமாரியிலிருந்து லாரி டிரைவரின் முதல் ஸ்லைடை எடுத்தேன். அஞ்சலையின் ஸ்லைடை எடுத்தேன். இரண்டையும் மேடத்தின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

மேடம் பையைக்கூடக் கழற்றவில்லை. "என்ன ஏழுமலை?"

பயிற்சி செய்த வார்த்தை வரவில்லை. "கோடு, மேடம்" என்றேன்.

"என்ன கோடு?"

விரலால் காட்டினேன். மேடம் உட்கார்ந்தார். முதலில் அஞ்சலையுடையது. பிறகு லாரி டிரைவருடையது. மறுபடி அஞ்சலையுடையது. மின்விசிறி ஓடாத அறையில் ஸ்லைடு நகரும் சின்னச் சத்தம் மட்டும் கேட்டது.

"தண்ணிய நான் துடைக்கல மேடம்" என்றேன். அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. பனி, பெஞ்சு, நரேலா, லீவு, பாதியில் கழற்றிய கட்டி, நகர்த்திய பிளேடு. முழுதும் சொன்னேன். சொல்லி முடித்தபோது பூரண்ஜி வாசலில் நின்றிருந்தார். நான் சொன்ன தமிழ் அவருக்குப் புரிந்திருக்காது. மேஜையில் இரண்டு ஸ்லைடு இருப்பது புரிந்தது.

மேடம் நிமிர்ந்தார். "புதன்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

"அஞ்சு நாளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார். "தப்பு எல்லாருக்கும் வரும். என் கையாலயும் வந்திருக்கு. ஆனா அந்தப் பொம்மனாட்டி வெள்ளிக்கிழமைலேர்ந்து எப்படித் தூங்கியிருப்பா, சோச்சியே, யோசிச்சுப் பாருங்கோ."

பிறகு லாரி டிரைவரின் ஸ்லைடைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இவருக்கு இது இவரோடதுதான். இவருக்கு ஒண்ணும் மாறப் போறதில்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

வெளியே பூரண்ஜி என் தோளில் கை வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் நீ வாய தொறந்திருக்க. அதுவும் என் கையெழுத்து மேல" என்றார். கொஞ்ச நாள் என்னோடு டீ குடிக்கவில்லை. அதற்குப் பிறகு குடித்தார்.

விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு எழுத வருவது தமிழ் மட்டும். இரண்டு பக்கம் எழுதினேன். மேடத்துக்குப் படிக்க வராது. நான் படிக்கப் படிக்க அவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். அந்தத் தமிழ்க் கடிதம் இன்னும் ஃபைலில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் அதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் எழுதிய முதல் பக்கங்கள் அவை. இந்தத் தொடரே அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

அன்றைய மீட்டிங்கில் தாடையை எடுக்க வேண்டாம் என்று முடிவானது. கட்டியை மட்டும் பையோடு முழுதாக எடுத்து, முழுப் பையையும் சீவிப் பார்ப்பது என்று எழுதினார்கள்.

ரிப்போர்ட் வாங்க வந்தவள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பை முழுதாக வந்தது. அதை மடித்து, துண்டுதுண்டாக்கி, ஒரு மூலை விடாமல் பார்த்தார்கள். நீர்க்கட்டிதான். வேறெதுவும் இல்லை.

இதற்கிடையில் அஞ்சலையிடம் நான் எதையும் சொல்லவில்லை. மேடத்திடம் சொன்னதோடு என் பேச்சு தீர்ந்துவிட்டதுபோல இருந்தது. தையல் பிரிக்க அவள் வந்த அன்று, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். முகம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது. பனி போய் வெயில் வந்திருந்தது. தாழ்வாரத்தில் மஞ்சளாக விழுந்திருந்த வெயிலில் காலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"படிச்சி சொல்லுங்கண்ணே. என்னா போட்டிருக்குது?"

"நீர்க்கட்டி. கேன்சர் இல்ல. எங்கயும் இல்ல." காகிதத்தில் இருந்த ஆங்கிலம் எனக்கு வராது, மேடம் முன்பே சொல்லியிருந்ததைச் சொன்னேன்.

"அப்ப மொதல்ல ஏன் அப்படிச் சொன்னாங்க?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். வெந்நீர், காகிதம், வரிசை, மிதந்து வந்த துண்டு. புதன்கிழமையே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை அவள் கேட்டபோது நான் தலையை ஆட்டியதையும் சொன்னேன்.

அவள் ரிப்போர்ட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். அஞ்சலை பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

"எனக்கு முன்னாடி பண்ணுங்கன்னு நான் ஒங்கள கேட்டனா?"

"கேக்கல."

"அப்புறம் எதுக்குண்ணே?"

நம்ம ஊர்ப் பெண் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் மடியிலிருந்து சின்ன பர்சை எடுத்தாள். அதற்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் கையில் வைத்தாள். ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் நீலத் திரை. பூ வைத்திருந்தாள், நல்ல புடவை. வீங்கிய பக்கம் தெரியாமல் முகத்தைத் திருப்பியிருந்தாள். வாயை இறுக்கமாக மூடியிருந்தாள்.

"டாக்டரு சொன்னாருல்ல, மறுநாளு போயி எடுத்தேன். என் பொண்ணு கல்யாணத்துல என் மூஞ்சி எப்படி இருந்துச்சின்னு காட்டறதுக்கு. ஆபரேசன் ஆனப்புறம் என்னா மூஞ்சி இருக்குமோ."

நான் போட்டோவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவள் வாங்கவில்லை.

"மூஞ்சி எங்கிட்டயே இருக்குது. இது எனக்கெதுக்கு? நீங்களே வச்சிக்கிங்க. தெனம் ஒரு வாட்டி பாருங்க."

எழுந்து சால்வையை உதறிப் போட்டுக்கொண்டாள். கோபமா, மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. போட்டோ என் லாக்கரில் கதவின் உள்பக்கம் இருக்கிறது.

படி இறங்கும்போது அவள் போன் அடித்தது. வேலை செய்யும் வீட்டிலிருந்து போலிருக்கிறது. "அரே தீதி, ஆஸ்பத்திரில இருக்கேன்னு சொன்னேன்ல, கல் ஆத்தி ஹூம், நாளைக்கு வரேன், கல்" என்று தொடங்கியவள், கேட் வரைக்கும் இந்தியும் தமிழுமாகத் திட்டிக்கொண்டே போனாள். வெயிலில் அந்தத் தாடை அசைந்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.